அரிசியைக் குறைக்கச் சொல்கிறார்கள், சரி. தட்டில் அந்த இடத்தில் எதை வைப்பது?

பொன்னிநதி (திருச்சி):

வணக்கம். எனக்கு வயது 41. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1 வந்திருக்கிறது, சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லை. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) 210, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 38. ஆள் பார்க்கக் குண்டாக இல்லை, இடுப்பில்தான் சேர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை. அப்பாவுக்கு பைபாஸ் நடந்தது. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. சோற்றைக் குறைத்து நடக்கச் சொன்னார், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சித்தப்பா ராத்திரிக்குச் சப்பாத்தி போதும் என்கிறார். கூட வேலை பார்க்கும் அக்கா சிறுதானியத்துக்கு மாறச் சொல்கிறார். பேலியோவில் இருக்கும் தோழி மாவுச்சத்தையே தொடாதே என்கிறாள். மூன்று மாதத்தில் இந்த எண்ணைக் கொஞ்சம் இறக்குவது மட்டும் எனக்குப் போதாது. அறுபது, எழுபது வயதில் எப்படி இருப்பேன் என்பதுதான் கவலை. நீண்ட காலம் ஆட்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாங்கள் முட்டை வரை சாப்பிடுவோம். கறி, மீன் கிடையாது.

அறந்தாங்கி அண்ணன்:

தங்கச்சி, உன் தோழி சொல்வதைச் சட்டென்று ஒதுக்கிவிடாதே. உன் ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு ஏறி, ஹெச்டிஎல் இறங்கி இருக்கிறது பார், நம் ஊர்ச் சாப்பாட்டில் அதிகம் தெரிகிற அடையாளம் அது. சோறு குளுக்கோஸ் ஆகிறது. இன்சுலின் அதைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் தள்ளுகிறது. இரண்டும் நிரம்பிய பிறகும் வந்துகொண்டே இருந்தால், மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அதுதான் அந்த 210. கல்லீரலில் கொழுப்பு படியப் படிய இன்சுலின் பேச்சை அது கேட்காது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சுரந்து ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடும்.

நான் சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்திப் பல வருடமாகிறது. முட்டை, பனீர், தேங்காய், கீரை, ஆட்டுக்கறி. என் ட்ரைகிளிசரைடு நூறுக்குக் கீழே வந்தது, தொப்பையும் போனது. பசி அடங்கியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய விடுதலை.

மருந்துச்சீட்டு:

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த இழையைப் படிப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். பொன்னிநதி மாத்திரை போடவில்லை, அதனால் அவருக்குப் பயமில்லை. ஆனால் கிளிமிபிரைடு, கிளிகிளசைடு வகைச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஒரே நாளில் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயங்கி விழலாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகையில் ஆபத்து வேறு மாதிரி. மாவுச்சத்தை அறவே விட்டுவிட்டு அந்த மாத்திரையைத் தொடர்ந்தால், குளுக்கோமீட்டரில் எண் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால், எண் சரியாக இருக்கிறதே என்று வீட்டில் இருக்கக் கூடாது.

எண்ணும் எழுத்தும்:

பொன்னிநதி, நீண்டகால ஆய்வுகளைப் பற்றிக் கேட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இரண்டு. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 'ப்யூர்' ஆய்வு, 18 நாடுகளில் 1,35,335 பேர். சாப்பாட்டு சக்தியில் 77 சதவீதம் மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களுக்கு, மிகக் குறைவாக எடுத்தவர்களை விட இறப்பு அபாயம் 28 சதவீதம் அதிகம் இருந்தது. பேலியோ நண்பர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவின் நான்கு ஊர்களில் 15,428 பேரைச் சுமார் 25 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. அதில் 50 முதல் 55 சதவீதம் வரை மாவுச்சத்து எடுத்தவர்களுக்குத்தான் இறப்பு மிகக் குறைவு. 70-க்கு மேல் போனாலும் அபாயம் கூடியது, 40-க்குக் கீழே போனாலும் கூடியது. இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் ஆடு, மாடு, பன்றி, கோழி என்று நிரப்பியவர்களுக்கு அபாயம் கூடியது. பருப்பு, கொட்டைகள் என்று தாவர உணவால் நிரப்பியவர்களுக்குக் குறைந்தது. ஆக, எதை எடுத்தோம் என்பதோடு எதை வைத்தோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டுமே ஆட்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிய கணக்கு. ப்யூர் ஆய்வில் 77 சதவீதம் மாவுச்சத்து சாப்பிட்டவர்களில் பலர் வேறு வாங்க வசதியில்லாத ஏழைகள். அவர்கள் இறப்புக்குச் சோறு எவ்வளவு காரணம், வறுமை எவ்வளவு காரணம் என்று முழுதாகப் பிரிக்க முடியாது.

மாவுச்சத்தே விஷம் என்று சொல்லவும் முடியாது. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் 1949 வாக்கில் சாப்பாட்டின் 85 சதவீதம் மாவுச்சத்துதான், பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்ற மக்கள் அவர்கள். பொலிவியாக் காட்டில் வாழும் சிமானே மக்களும் வாழைக்காய், மரவள்ளி, அரிசி என்றுதான் சாப்பிடுகிறார்கள். 2017-ல் அவர்களுடைய இதய ரத்தக்குழாய்களை ஸ்கேன் எடுத்தபோது 85 சதவீதம் பேருக்கு, அடைப்பின் அடையாளமான கால்சியம் படிவே இல்லை. ஆனால் இவர்கள் நாள் முழுக்க உடலால் உழைக்கிறவர்கள், சாப்பாட்டில் நாரும் நிறைய.

இப்போது நம் விஷயம். 2020-ல் அதே ப்யூர் குழு வெள்ளை அரிசியை மட்டும் எடுத்துப் பார்த்தது. 21 நாடுகள், 1,32,373 பேர், சராசரியாக ஒன்பதரை வருடம். ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல் சோறு சாப்பிட்டவர்களை 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், நீரிழிவு வரும் அபாயம் மொத்தத்தில் 20 சதவீதம் அதிகம். தெற்காசியாவில் மட்டும் பார்த்தால் 61 சதவீதம் அதிகம். சீனாவில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை! அரிசி அங்கேயும் அரிசிதான். நம் பக்கத்தில் ஒரு ஆள் சாப்பிடும் அளவு மிக அதிகம், நாளைக்குச் சுமார் 630 கிராம் சோறு. அது மட்டுமே ஏறக்குறைய 800 கலோரி. கூடவே நமக்கு ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு, கணையத்தின் தாங்கும் சக்தியும் குறைவு. சீனாவில் சோற்றோடு என்ன வருகிறது என்று பார்த்தால் காய்கறி, சோயா, மீன், முட்டை. நம் தட்டில் சோறு மலை, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பொன்னிநதி (திருச்சி):

மிக்க நன்றி. அப்படியானால் சித்தப்பா சொல்லும் சப்பாத்தி? சிறுதானியம்?

கேழ்வரகு வீடு (தருமபுரி):

சிறுதானியத்தைச் சும்மா ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டுப் போகாதீர்கள் அக்கா. எங்கள் பக்கம் களி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நார் தீட்டிய அரிசியை விடப் பல மடங்கு. சாமை, வரகு, தினை எல்லாம் மானாவாரியில் விளைந்தவை, எங்கள் மண்ணுக்கு ஏற்றவை. இவை இருந்த தட்டில் பொன்னி வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்கள் ஊரிலும் சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு வந்தது.

எண்ணும் எழுத்தும்:

சகோதரி, கேழ்வரகின் சத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. சர்க்கரை என்று வரும்போது மட்டும் ஒரு பிரச்சினை இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் அறுபத்தைந்து கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அதை நைசாக அரைத்துக் கூழாகவோ கஞ்சியாகவோ காய்ச்சினால் வயிற்றில் செரிக்க நேரமே எடுக்காது, சோற்றுக்கு நிகராகச் சர்க்கரை ஏறும். கோதுமைக்கும் அதே கதைதான்.

2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி வந்தது. சென்னையில் இருந்து டாக்டர் ஆர்.எம். அஞ்சனா, டாக்டர் வி. மோகன் குழு நடத்துகிற, நாடு முழுக்க எடுத்த நீரிழிவு ஆய்வு. இந்தியர்களின் சாப்பாட்டில் 62 சதவீதம் சக்தி மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த தானியம், சர்க்கரை. வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்து, மாவுச்சத்தின் மொத்த அளவு அப்படியே இருந்தால், நீரிழிவு அபாயம் குறையவில்லை. அந்தச் சக்தியில் வெறும் 5 சதவீதத்தைப் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரதத்துக்கு மாற்றியதாகக் கணக்கிட்டபோது குறைந்தது. நான்கு கரண்டிச் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி என்பது இடம் மாற்றி உட்காருவதுதான்.

இதே குழு 2022-ல் ஒரு கணக்குப் போட்டுச் சொன்னது. உங்கள் மாதிரி எல்லையில் இருப்பவர்களுக்கு மாவுச்சத்து 50 முதல் 56 சதவீதம், புரதம் 20-ஐ ஒட்டி இருந்தால் சாதாரண நிலைக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம். இப்போது நம் சராசரிப் புரதம் 12 சதவீதம்தான்.

அறந்தாங்கி அண்ணன்:

ஐம்பது சதவீதம் என்பது இப்போதே சர்க்கரை ஏறிப்போனவர்களுக்கு அதிகம் என்பேன். லோ கார்பில் (மாவுச்சத்தைக் குறைத்த உணவில்) ஆறே மாதத்தில் ஹெச்பிஏ1சி நன்றாக இறங்குகிறது என்று எத்தனையோ சோதனைகள் காட்டியிருக்கின்றனவே? அதை ஏன் சொல்லவில்லை?

எண்ணும் எழுத்தும்:

அண்ணா, அதில் மறுக்க எதுவும் இல்லை. ஆறு மாதம் வரை லோ கார்ப் முன்னால் நிற்கிறது. வருடம் திரும்பும்போது மற்ற உணவுமுறைகளோடு இருந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது, பெரும்பாலும் ஆட்கள் கடைப்பிடிக்க முடியாமல் நழுவுவதால். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து 2018-ல் முடித்த சோதனையில், ஒரு வருடத்தில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இறங்கினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். உங்களைப் போலப் பல வருடம் நிற்பவர்கள் குறைவு. நின்றால் நல்லதுதான், ஆனால் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) பார்க்கிறீர்களா? சிலருக்கு நெய்யும் கறியும் கூடும்போது அது கடகடவென்று ஏறும். பொன்னிநதி வீட்டில் இதய நோய் இருக்கிறது என்பதால் கேட்கிறேன்.

அறந்தாங்கி அண்ணன்:

வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன் தம்பி, 130-க்குள்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் குழுவில் 200-ஐத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நானே டாக்டரிடம் அனுப்புகிறேன்.

வடமராட்சியான் (லண்டன்):

அண்ணன்மார் இருவரும் சொல்வதற்கு நடுவில் ஒன்று இருக்கிறது. இங்கே 2017-ல் வந்த 'டைரக்ட்' சோதனையில், சர்க்கரை வியாதி வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதம் நாளைக்குச் சுமார் 850 கலோரிக்குச் சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நீரிழிவு எல்லைக்கு வெளியே வந்துவிட்டார்கள். 15 கிலோவுக்கு மேல் இறங்கியவர்களில் 86 சதவீதம் பேர். அந்த ஷேக்கில் ஏறக்குறைய 59 சதவீதம் மாவுச்சத்துதான்! கல்லீரலிலும் கணையத்திலும் இருந்த கொழுப்பு கரைந்ததுதான் வேலை செய்தது என்று அதை நடத்தியவர்களில் ஒருவரான ராய் டெய்லர் விளக்கினார். என் அண்ணர் இப்போது பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் நடத்தும் அதே மாதிரித் திட்டத்தில் சேர்ந்து எடை குறைத்தார். இனி அதைத் தக்கவைப்பதுதான் அவருக்குப் பாடு. டைரக்டில் இரண்டாம் வருடம் 46 என்பது 36 ஆகிவிட்டது.

இன்னொன்று, பொன்னிநதி அக்கா 'குண்டாக இல்லை' என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு இங்கே பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள், வெள்ளைக்காரருக்கு 25. இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90.

குடமுருட்டி (பாபநாசம்):

எல்லோரும் சதவீதம் எழுதுகிறீர்கள். அரிசி ஏன் இவ்வளவு தட்டுக்கு வந்தது என்று யாரும் எழுதவில்லையே. 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பசி தீர்த்த திட்டம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எங்கள் தெருவில் அதை நம்பி உலை வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கொடுப்பதோடு சரி. நாலு பேர் இருக்கும் வீட்டில் அது எத்தனை நாளுக்கு வரும்? மிச்சத்தை வெளியில் வாங்கும் விலையில் யார் தினமும் கெட்டிப் பருப்பு வைப்பது? அதனால் சாம்பார் தண்ணீராகிறது, சோறு மலையாகிறது.

முன்னால் எங்கள் பக்கம் இதே சோறுதான் சாப்பிட்டார்கள். நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து, கட்டுச் சுமந்து கரைத்துவிட்டார்கள். இப்போது நடவுக்கு எந்திரம், அறுப்புக்கு எந்திரம். ஆம்பளை, பொம்பளை எல்லோருக்கும் உடம்பு வேலை பாதிக்குப் பாதி போய்விட்டது. தட்டு மட்டும் சின்னதாகவில்லை. நாற்பது வயதில் மாத்திரை டப்பாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கிறார்கள். இவர்களிடம் போய்ப் பனீர் சாப்பிடு, பாதாம் சாப்பிடு என்று சொல்வதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரேஷனில் இன்னும் ஒரு கிலோ பருப்பும், கொஞ்சம் தட்டைப்பயறும் கொடுத்தால் அது எத்தனை டாக்டர் சீட்டுக்குச் சமம்.

உணவியல் மதுரை:

குடமுருட்டி அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நீங்கள் சொல்லும் வீடுகளிலிருந்துதான்.

பொன்னிநதி, உங்கள் தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், கொட்டை வகை 35 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முன் எடை. 250 கிராம் தானியம் என்பது காலை இட்லி, மதியச் சோறு, இரவுத் தோசை எல்லாவற்றிலும் உள்ள அரிசியைச் சேர்த்து! நம் வீடுகளில் பருப்பு 85 கிராம் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். சாம்பாரில் போகவே போகாது. நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி துவரம் பருப்பு போட்டால் ஆளுக்குச் சில கிராம்தான் விழும்.

நான் சொல்லிக் கொடுப்பது இதுதான். காலையில் பாசிப்பயறு தோசை, அல்லது அரிசி ஒரு பங்கு, பருப்பு இரண்டு பங்கு போட்ட அடை. இட்லிதான் வேண்டும் என்றால் இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ. மதியம் முதலில் பொரியல், கூட்டு, கீரை. தட்டில் பாதி அதுதான். பிறகு குழம்பு ஊற்றிச் சோறு. காயும் பருப்பும் முதலில் வயிற்றுக்குப் போனால் பின்னால் வரும் சோறு ஏற்றும் சர்க்கரை குறைகிறது, இது சோதித்துப் பார்த்த விஷயம். சோற்றைக் கரண்டியால் போடாமல் கிண்ணத்தில் அளந்து போடுங்கள். கரண்டிக்குக் கணக்கே இருப்பதில்லை. உருளை, சேனை, மரவள்ளியைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். சாயங்காலம் பிஸ்கட், மிக்சருக்குப் பதில் வேர்க்கடலை அவித்தது ஒரு கைப்பிடி. விலை குறைந்த புரதம் வேண்டும் என்றால் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, முட்டை. முருங்கைக்கீரை பல வீட்டில் கொல்லையிலேயே இருக்கிறது.

காபி, டீயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் முடிந்தவரை 25 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது.

கேழ்வரகு வீட்டுத் தங்கைக்கும் ஒரு வார்த்தை. சிறுதானியத்தை விடச் சொல்லவே மாட்டேன். அளவாக, மாவாக்காமல், முழுசாக வேகவைத்து, பருப்போடு சாப்பிடுங்கள். சாமைச் சாதமும் கூட்டும் நல்ல சாப்பாடு. சாமைக் கஞ்சி அப்படி இல்லை.

எண்ணும் எழுத்தும்:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். நார்ச்சத்தைப் பற்றி 2019-ல் லான்செட்டில் வந்த தொகுப்பு 185 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நாளைக்கு 25 முதல் 29 கிராம் வரை நார் எடுத்தவர்களுக்கு, குறைவாக எடுத்தவர்களை விட, மொத்த இறப்பு, இதய நோய், பக்கவாதம், நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் எல்லாமே 15 முதல் 30 சதவீதம் வரை குறைவு. மேலே மதுரை அக்கா எழுதியதைச் செய்தாலே அந்த அளவு வந்துவிடும்.

இது நடக்குமா என்று சந்தேகம் வந்தால், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய தடுப்புச் சோதனை இருக்கிறது, 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். எல்லையில் இருந்த 531 பேர். எதுவும் செய்யாதவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான்.

பொன்னிநதி (திருச்சி):

இத்தனை பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. ராத்திரித் தோசையைப் பயறு தோசையாக மாற்றுவதில் தொடங்குகிறேன், மதியச் சோற்றுக்குக் கிண்ணம் எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு சந்தேகம். மகனுக்கு வயது 14, ஹாக்கி ஆடுகிறான், அவனுக்கும் இதே தட்டா? மாமியார் எங்களோடு இருக்கிறார். காலையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரை போடுகிறார். ஒரே சமையல்தான், அவருக்கும் சோறு குறையும்.

உணவியல் மதுரை:

வளர்கிற பையன், ஓடி ஆடுகிறான். சோற்றை அளக்க வேண்டாம். அவன் தட்டில் பயறு, முட்டை, தயிர், காய் கூடட்டும். குளிர்பானம், பாக்கெட் பலகாரம் குறையட்டும்.

மருந்துச்சீட்டு:

மாமியாருக்குச் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை அவருடைய சோற்றில் கை வைக்காதீர்கள், காயும் பருப்பும் மட்டும் சேருங்கள். மாற்றிய பிறகு சில வாரம் காலை வெறும் வயிற்றிலும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த நோட்டையே டாக்டரிடம் காட்டலாம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-க்கு அழையுங்கள்.